'நடத்தை' என்ற கட்டத்தை நிரப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு,

முன்னேற்ற அறிக்கையின் அடியில் 'நடத்தை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, இரண்டு விரல் அகலத்தில், அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அந்தக் கட்டத்தில் 'இயல்பிலேயே மந்தம்' என்று எழுதினேன். காலை முதல் பாடவேளையில் அவள் தலை மேசையில் சாய்ந்துவிடும். கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்து வேறேதோ பக்கத்தைப் புரட்டுவாள், வகுப்பே சிரிக்கும். ஒருநாள் வேறொரு ஆசிரியர் வராததால், கடைசிப் பாடவேளைக்கு அதே வகுப்புக்குப் போனேன். பலகையில் நான் விட்டுவிட்ட கழித்தல் குறியை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். கையைத் தூக்கவில்லை, பக்கத்துப் பெண்ணின் காதில் கிசுகிசுத்தாள். அதற்குள் அறிக்கை வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு இதைக் காரணம் காட்டி, வளரிளம் பிள்ளைகளுக்குக் காலை 8.30க்கு முன் பள்ளி தொடங்க வேண்டாம் என்று 2014இல் பரிந்துரைத்தது. ஆக, தாமதம் அவள் உடலில் இருந்தது. மணியை அடித்தது நாம். இரவில் கைபேசி வெளிச்சமும் தன் பங்குக்குத் தூக்கத்தைத் தள்ளியிருக்கலாம். கையைத் தூக்காமல் கிசுகிசுக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அதை அவள் என் வகுப்பில்தான் கற்றுக்கொண்டாள். எழுந்தால் சிரிப்பார்கள் என்ற பாடத்தை நான் தினமும் தவறாமல் நடத்தியிருக்கிறேன்.

'பிறவிக் குணம் பொங்கல் இட்டாலும் போகாது' என்பது ஒரு பழமொழி. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது இன்னொன்று. ஒன்று பிறப்பைக் குற்றம் சொல்கிறது, மற்றது வளர்ப்பை. கட்சி வேறானாலும், ஆசிரியர் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதில் மட்டும் இரண்டும் கூட்டணி. நமக்கு அவை பிடித்துப்போனது அதனால்தானோ என்னவோ.

அரைகுறையாகப் படித்தவர்கள் இப்போது எண்ணோடு வருகிறார்கள். ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிட்டு மரபின் பங்கை அளப்பவை இரட்டையர் ஆய்வுகள். ஐம்பது ஆண்டுகளில் வந்த அவற்றைத் திரட்டி 2015இல் ஒரு பெரும் தொகுப்பு வெளியானது. ஏறத்தாழ 1 கோடியே 45 லட்சம் இரட்டையர் இணைகள். பண்புகளின் மரபுவழிப் பங்கு சராசரியாக 49 சதவீதம். உடனே, 'இந்தப் பையனில் பாதி பிறவி' என்கிறார்கள். அந்த எண் ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டைப் பற்றியது. ஒருவனைக் கூறுபோட்ட கணக்கல்ல. ஒரு மத்தளத்தின் ஒலியில் தோலின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் விடை கிடையாது. ஒரே கை ஒரே மாதிரி பத்து மத்தளங்களைத் தட்டினால், ஒலியில் வரும் வேறுபாடு முழுக்க மத்தளத்தால். கைகள் மாறினால் கணக்கும் மாறும்.

மரபணு என்றாலே தலையெழுத்து என்று நினைப்பவர்களுக்கு ஃபீனைல்கீட்டோன்யூரியாவைச் சொல்வேன். 1934இல் நார்வே மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் கண்டறிந்த பிறவிக் கோளாறு அது. உணவுப் புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனினை உடலால் சிதைக்க முடியாது. அது தேங்கித் தேங்கி மூளையைக் கெடுத்துவிடும். பிறந்த முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்து, அந்தப் பொருள் மிகக் குறைவான உணவைத் தொடர்ந்து கொடுத்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. மரபணு அப்படியேதான் இருக்கிறது. தட்டில் இருப்பதுதான் மாறுகிறது.

உடனே 'அப்போ வளர்ப்புதான் சரியில்லை' என்று கட்சி மாறிவிடாதீர்கள். ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமில்லாத தாய் என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று பெயர்கூட வைத்தார்கள். 1977இல் வந்த இரட்டையர் ஆய்வு மரபின் பெரும்பங்கைக் காட்டியது. அதுவரை அந்தத் தாய்மார்கள் சுமந்த பழியை யார் திருப்பி எடுத்தார்கள்?

நான் கேட்பது சின்ன விஷயம். அந்தக் கட்டத்தில் குணப்பெயர் எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: எந்த நேரம், எந்த இடம், பக்கத்தில் யார், என்ன நடந்தது. 'முதல் பாடவேளையில் தூங்குகிறாள், கடைசிப் பாடவேளையில் என் பிழையைக் கண்டுபிடிக்கிறாள்' என்று நான் எழுதியிருந்தால், வீட்டில் அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்றாவது பேச்சு வந்திருக்கும். நான் எழுதியதற்கு வந்த பதில், கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பா எழுதி அனுப்பிய ஒரே சொல்: 'கண்டிக்கவும்.'

இரண்டு விரல் அகலத்தில் இவ்வளவையும் எப்படி எழுதுவது என்பீர்கள். அடுத்த ஆண்டு அறிக்கை அச்சுக்குப் போகுமுன், கூட்டுத்தொகைக்கும் தர வரிசைக்கும் ஒதுக்கியிருக்கும் இடத்தில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை