பயிர் இரகங்களை உருவாக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரு செடி நோயைத் தாங்குமா என்று பார்க்கும்போது, பல இடங்களில் தொட்டி மண்ணை முதலில் சூடேற்றிக் கிருமிநீக்கம் செய்கிறீர்கள். அப்புறம் நோய்க்கிருமியை மட்டும் அதில் விடுகிறீர்கள். முடிவு தெளிவாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட மண் எந்த வயலிலும் கிடையாது. வேரைச் சுற்றியிருக்கும் மற்ற நுண்ணுயிர்களையும் கணக்கில் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோதுமையின் வேரை அழுக வைக்கும் டேக்-ஆல் என்ற பூஞ்சை நோய் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே நிலத்தில் தொடர்ந்து கோதுமை போட்டால் முதல் சில ஆண்டுகள் நோய் ஏறிக்கொண்டே போகும். பிறகு, அதே பயிர், அதே பூஞ்சை இருந்தும் நோய் தானாகத் தணிந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் வேரில் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் பெருகி, பூஞ்சையை அடக்கும் பொருளைச் சுரக்கத் தொடங்குவதே இதற்கு முக்கியக் காரணம்.

நெதர்லாந்தில், சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட் கிழங்கு (சுகர் பீட்) வயல் ஒன்றின் மண்ணை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வு இதை இன்னும் துலக்கமாகக் காட்டியது. நாற்றைச் சாய்க்கும் ரைசோக்டோனியா என்ற பூஞ்சை அந்த மண்ணில் தலையெடுக்கவில்லை. மண்ணை 80 டிகிரிக்குச் சூடாக்கியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. மாறாக, நோய் வரும் மண்ணில் இந்த மண்ணைப் பத்தில் ஒரு பங்கு கலந்தபோது நோய் குறைந்தது. வேரருகே 33,000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகள் தென்பட்டன. தடுப்பு வேலை அவற்றில் ஒன்றை மட்டும் நம்பி நடக்கவில்லை. ஒற்றை நுண்ணுயிரைப் புட்டியில் அடைத்துத் தருவது சில வயல்களில் பலித்து, சில வயல்களில் பொய்ப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

செடிக்கும் இதில் பங்கு உண்டு. பாக்டீரியா வாடல் நோயைத் தாங்கும் தக்காளியின் வேர்மண்டல நுண்ணுயிர்களை எடுத்து, தாங்காத இரகத்துக்கு மாற்றியபோது அதிலும் வாடல் குறைந்தது. 2018இல் வெளியான முடிவு இது. அப்படியென்றால், எதிர்ப்புத் திறன் என்று நாம் மதிப்பெண் போடுவதில் ஒரு பகுதி, செடி தன் வேரருகே யாரைச் சேர்த்து வைக்கிறது என்பதைப் பொறுத்தது. சூடேற்றிய மண்ணில் அந்தப் பகுதி கண்ணில் படவே படாது.

ஆகவே ஒவ்வொரு சோதனையிலும் உயிருள்ள வயல் மண் ஒரு தொட்டியிலும், சூடேற்றிய அதே மண் இன்னொரு தொட்டியிலும் இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரகத்தின் பதிவிலேயே எழுதுங்கள். கிருமிநீக்கிய தொட்டியில் தோற்றதால் ஒதுக்கிய விதைகள் உங்கள் சேமிப்பில் இருக்கும். முதலில் அவற்றை எடுத்து வயல் மண்ணில் விதைத்துப் பாருங்கள்.