சுழி பார்க்கிறோம், குளம்பைப் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறக்கப் போகிறது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்குச் சேலம் பக்கத்திலிருந்து பலர் புறப்படுவார்கள். சந்தையில் வாங்க வருபவர் முதலில் சுழி பார்க்கிறார்; அதாவது, உடலில் மயிர் சுழித்து நிற்கும் இடங்களைக் கொண்டு ராசி பார்க்கிறார். பிறகு நிறம், உயரம், காதின் வளைவு ஆகியவற்றைப் பார்த்து, உதட்டை விலக்கிப் பல்லைக் கொண்டு வயது சொல்லி, மேளத்துக்கு ஆடுகிறதா என்று ஆட்டியும் பார்க்கிறார். நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பின் அடிப்புறத்தைப் பார்த்த பிறகு விலை பேசியவர் ஒருவரைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் என் பெட்டைக் குதிரையை வாங்கியபோது நானும் பார்க்கவில்லை. வாங்கிய பிறகும் வெகுகாலம் பார்க்காமல் இருந்து பட்டவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஏற்காடு அடிவாரத்தில் குடியிருப்பவன். அந்தக் குதிரையோடு ஒரு மட்டக்குதிரையும் வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், லாடம் அடிப்பவரை வரவழைக்க வேண்டிய நாளை இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆறு வாரம் பன்னிரண்டு வாரமாயிற்று. குளம்பின் முன்பகுதி பழைய காலத்துச் செருப்பின் மூக்கைப் போல நீண்டது. குளம்பு வளர வளர லாடமும் அதனுடன் முன்னே நகர்ந்து, அதன் பின்நுனிகள் குதிகாலைத் தாங்காமல் உள்ளங்காலை அழுத்தத் தொடங்கின. மடித்துவிட்டிருந்த ஆணி முனைகள் மேலெழும்பிக் கையைக் கீறும்படி நின்றன. இவ்வளவும் என் கண்முன்னேதான் நடந்தது. மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்னங்கால் முன்னங்காலின் லாடத்தை மிதித்துவிட, லாடம் பாதி கழன்று திருகிக்கொண்டது. வழக்கமாக வருபவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அந்த வாரம் அவரால் வர இயலவில்லை. அவசரத்தில், மாட்டுக்கு லாடம் கட்டும் ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். "எனக்குக் குதிரை பழக்கமில்லைங்க" என்று அவர் சொல்லியும், நான்தான் வற்புறுத்தினேன்.

மூன்றாவது ஆணி இறங்கியபோது குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. குறும்பு செய்கிறது என்று எண்ணி அதன் காதை முறுக்கிப் பிடித்தவன் நானே. 'குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை' என்று பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான்காம் நாள் காலையில் அந்தக் காலின் நுனி மட்டும் தரையில் பட, மூன்று காலில் நின்றது. தோள் சுளுக்கு என்றார்கள். பற்றுப் போட்டதில் இரண்டு நாள் வீணாயிற்று. கால்நடை மருத்துவர் வந்தபோது தோள் பக்கமே போகவில்லை. குளம்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். மற்ற மூன்றையும்விட அது சூடாக இருந்தது. கணுக்காலின் பின்புறம், பக்கவாட்டில் ஓரிடத்தில் தம் விரலை வைத்துவிட்டு, என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். நல்ல காலில் தேடினாலும் எளிதில் அகப்படாத நாடித்துடிப்பு, அந்தக் காலில் விண்ணென்று தெறித்தது. ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில் மூன்றாவது ஆணி மட்டும் ஈரமாகக் கறுத்து, அழுகல் நாற்றத்துடன் வந்தது. அதன் துளையிலிருந்து சாம்பல் நிறச் சீழ் கசிந்தது. கசிந்த சிறிது நேரத்திலேயே குதிரை அந்தக் காலை முழுதாக ஊன்றியது.

பிறகு எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் நாள்தோறும் அந்தக் குளம்பை நனைத்து, மருந்து வைத்து, குழந்தைகளுக்கான டயாப்பரைச் சுற்றி, அதன் மேல் அகலமான டேப் ஒட்டிக் காத்தோம். ரணஜன்னி என்னும் டெட்டனஸ் நோய்க்குக் குதிரை மிக எளிதில் இலக்காகும் விலங்கு என்பதால் அதற்கான ஊசியும் உடனே போடப்பட்டது. குதிரை வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் இந்தத் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டு வைக்கிறோம்?

ஆணி அடித்த பெரியவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய தொழில் வேறு. மாட்டின் குளம்பு பிளவுபட்டது. காலுக்கு இரண்டாக நான்கு காலுக்கும் எட்டுத் தகடுகள் வேண்டும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துப் படுக்க வைத்துத்தான் அடிப்பார்கள். குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரே லாடம். நின்றபடியே, காலைத் தன் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அடிக்க வேண்டும். குதிரைக் குளம்பை அடியிலிருந்து பார்த்தால், வெளிச்சுவருக்கும் உள்ளங்காலுக்கும் இடையே வெளிர் மஞ்சளாக மெல்லிய கோடு ஒன்று ஓடுவது தெரியும். வெள்ளைக்கோடு என்பார்கள். அதற்கு வெளியே இருப்பது நம் நகத்தைப் போல உணர்வற்றது. உள்ளே போனால் உயிருள்ள சதை. ஆணிக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். லாட ஆணியின் முனையை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவியிருப்பதற்கும் காரணம் இதுவே. சீவிய பக்கம் உள்நோக்கி இருக்கும்படி வைத்து அடித்தால், ஆணி மெல்ல வெளிப்புறமாக வளைந்து குளம்புச் சுவரில் எட்டிப் பார்க்கும். திருப்பி வைத்தால் நேரே சதைக்குள் போகும். எங்கள் ஈரோட்டுக்காரர் சுத்தியலின் ஓசையைக் கேட்டே ஆணி போகும் வழியைச் சொல்லுவார். கெட்டியான பகுதியில் இறங்கும்போது ஒலி கணீரென்று இருக்கும்; ஓசை மழுங்கினால் அடுத்த அடி விழுவதற்கு முன் ஆணியைப் பிடுங்கிவிடுவார்.

குதிரை வளர்ப்போர் அனைவரும் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. லாடம் தேயாமல் இருக்கிறதே, இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று நாம் நினைப்பது தவறாவது இங்கேதான். இரும்பு தேய்ந்ததா என்பதைப் பொறுத்தல்ல, குளம்பு எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பொறுத்தே லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மீண்டும் அடிக்க வேண்டும். ஆறு வாரம் என்பது நல்ல கணக்கு. எட்டு வாரத்தைத் தாண்ட விடக்கூடாது. லாடம் இல்லாத குதிரைக்கும் சீவுதல் உண்டு. எல்லாக் குதிரைக்கும் லாடம் வேண்டும் என்பதும் இல்லை. மண் தரையில் நின்று சிறிது தூரமே நடக்கும் என் மட்டக்குதிரை வெறுங்காலோடுதான் இருக்கிறது. தார்ச்சாலையிலும் சரளையிலும் நாள்தோறும் நடந்து, வளர்வதைவிட வேகமாகத் தேயும் குளம்புக்கே இரும்பு தேவை. அந்த இரும்பும் மழையில் நனைந்த மலைச்சாலையில் வழுக்கும் என்பதை இறக்கத்தில் குதிரையை விரட்டுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

குளம்பில் விழும் வெடிப்பை ஒட்டவைக்க மருந்து இல்லை. மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் இடத்திலிருந்து புதிய சுவர் இறங்கித் தரையைத் தொடுவதற்கு முன்பக்கத்தில் ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதுவரை வெடிப்பு பெருகாமல் காப்பதே வைத்தியம். இதை அறியாமல் கழிவு என்ஜின் ஆயிலைக் குளம்பில் பூசிப் பளபளப்பாக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிட வேண்டும். சேறும் சிறுநீரும் ஊறிய குளம்பின் மேல் எண்ணெயைப் பூசுவது, ஈரத்துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது போன்றது.

ஏற்காட்டு மழையில் குதிரைக்கு உண்மையான பகை குளம்பு அழுகல். உள்ளங்காலின் நடுவே முக்கோணமாக, ரப்பரைப் போல மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது. குதிரை எடையை ஊன்றும்போது அதிர்வைத் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. அதன் இருபுறத்துப் பள்ளங்களிலும் சாணமும் மண்ணும் அடைந்து காற்றுப் புகாமல் போனால், கறுத்த கசிவும் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமும் வரும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, கொக்கி கொண்டு குதிகாலிலிருந்து நுனியை நோக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்ய நான்கு காலுக்கும் பத்து நிமிடம் ஆகாது. லாயத்தில் வைக்கோல் உலர்ந்திருக்க வேண்டும். அழுகல் தொடங்கிவிட்டால், தளர்ந்த பகுதியை நீக்குவது லாடம் அடிப்பவர் வேலை, மருந்து சொல்வது மருத்துவர் வேலை, காய வைப்பது நம் வேலை.

தீவனம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரைக்கு, மண்டபத்தில் மீந்த சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் அன்போடு கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மாவுச்சத்து ஒரே நேரத்தில் அளவு மீறிக் குடலுக்குள் போனால், கேடு வயிற்றோடு நிற்பதில்லை; குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய இதழ்கள் அழன்று பிடிப்பு விடுகின்றன. முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னுக்குத் தள்ளி நிற்கும் குதிரையைக் கண்டால், நடக்க விட்டால் சரியாகிவிடும் என்று இழுத்துக்கொண்டு போகக்கூடாது. அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. நொண்டும் குதிரையை ஊர்வலத்தில் நடத்துவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. முன்பணம் வாங்கிவிட்டேன் என்பது அந்தச் சட்டத்தின் முன் செல்லாது.

லாடம் அடிப்பவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதம் எனக்கு நெடுநாளாகவே உறுத்தல். அவர் வந்து இறங்கிய பிறகுதான் குதிரையைப் பிடிக்க ஆள் அனுப்புகிறோம். சேறு படிந்த காலை அப்படியே அவர் மடியில் கொடுக்கிறோம். பழகாத சிறுவன் ஒருவனைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நாம் செல்பேசியில் பேசப் போய்விடுகிறோம். குட்டியாக இருக்கும்போதே காலைத் தூக்கித் தட்டிப் பழக்காததன் விலையை அவர் முதுகெலும்பு கொடுக்கிறது. இத்தனைக்கும் பிறகு கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கப் பேரம். நிழலான சமதரை, உலர்ந்த குளம்பு, குதிரைக்குத் தெரிந்த ஆள், அன்றைக்கே கூலி ஆகிய நான்கும் இருந்தால் அவர் அடுத்த முறையும் வருவார். அவர் வேலையைக் கவனிக்கும் உரிமையும் நமக்கு உண்டு. லாடத்துக்கு ஏற்பக் குளம்பை அரத்தால் தேய்த்துச் சிறிதாக்குகிறாரா, குளம்புக்கு ஏற்ப லாடத்தைத் தட்டி வளைக்கிறாரா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்; இரண்டாவதே நல்ல வேலை.

பிரிட்டனில் 1975-ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின்படி, பதிவு பெற்றவர்தாம் குதிரைக்கு லாடம் அடிக்கலாம். நம் ராணுவத்திலும் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஜட்கா வண்டிகளும் மாட்டு வண்டிகளும் போன பிறகு, நம் மாவட்டத்தில் இத்தொழில் தெரிந்தவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் சட்டம் கேட்கவில்லை. நம் மாவட்டத்துத் தலைவாசல் ஊரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டுக்கு லாடம் கட்டும் தொழிலாளர்களில் விருப்பம் உள்ளவர்களுக்குக் குதிரைக் குளம்பு பற்றிச் சில வாரப் பயிற்சி கொடுக்க அக்கல்லூரியும் கால்நடை பராமரிப்புத் துறையும் முன்வர வேண்டும். இரும்பும் சுத்தியலும் அவர்கள் கைக்குப் புதியவை அல்ல. வெள்ளைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை யாராவது காட்டிக் கொடுத்தால் போதும்.

இதற்கிடையில் அடிவாரத்தில் நாங்கள் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஆறு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று நாள் குறித்து, ஈரோட்டுக்காரரின் பயணச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை அவர் வருவது ஆடி 18-க்கு முந்தைய ஞாயிறு. சுற்றுவட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் வந்து கலந்துகொள்ளலாம். குளம்பை முந்தைய நாளே கழுவி, ஈரம் போகக் காய வைத்துக் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் வாசகர் ஒருவர்,
ஏற்காடு அடிவாரம், சேலம் மாவட்டம்.