டிவியில் லாகின் ஆகவில்லை என்றதும் ரீசெட் போடாதீர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி கேபிள், பிராட்பேண்ட், டிவி கடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேபிள் நடத்துகிறவர்களுக்கும், ஃபைபர் இழுத்து வீடுகளுக்கு நெட் கொடுக்கிறவர்களுக்கும், டிவி விற்கிற கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

இதே ஊர்களில் ஸ்மார்ட் டிவி, செட்டாப் பாக்ஸ் சர்வீஸுக்குப் போய்வருகிறவர்கள் நாங்கள். "நெட்ஃபிளிக்ஸ் தொறக்க மாட்டேங்குதுங்க", "ஓடிபி கேக்குது, வரவே இல்லைங்க" என்று ஒரு வீட்டிலிருந்து போன் போனால் முதலில் போய் நிற்பது நீங்கள்தான். அந்த முதல் பத்து நிமிடத்தில் ஃபேக்டரி ரீசெட் (டிவியைப் புதிதாக வாங்கிய நிலைக்கே கொண்டுபோவது) போட்டுவிடும் பழக்கத்தை விடச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

ஓடாமல் இருந்தது ஒரே ஒரு ஆப். ரீசெட் முடிந்ததும் அந்த டிவியில் இருந்த எல்லா லாகினும் போய்விடும். கூகுள் கணக்கு, யூடியூப், பிரைம், ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட் என்று ஒவ்வொன்றும் புதிதாக ஓடிபியோ பாஸ்வேர்டோ கேட்கும். ஓடிபி போகும் நம்பர் மகனுடையது, அவர் பெங்களூரில் இருப்பார். ஜிமெயில் கணக்கு டிவி வாங்கிய கடையில் திறந்தது, பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. அரை மணி வேலை ஒரு வாரம் இழுக்கும். கோளாறு நெட்டிலோ பிளானிலோ இருந்திருந்தால், ரீசெட்டுக்குப் பிறகும் அது அங்கேயேதான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. விலை குறைந்த ஆண்ட்ராய்டு பாக்ஸ் பலவற்றில் நேரத்தைக் காத்து வைக்கும் சின்ன பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் கடிகாரமும் போய்விடும். கரண்ட் திரும்பியதும் பாக்ஸ் சட்டென்று எழுந்துகொள்ளும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் லைனைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். நெட் இல்லாத அந்த இடைவெளியில் பாக்ஸ் 1970 ஜனவரி 1 என்றோ, அதன் மென்பொருள் எழுதப்பட்ட ஆண்டு என்றோ ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆப் போய்த் தொடுகிற சர்வர் ஒரு சான்றிதழைக் காட்டும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். 1970-இல் நிற்கிற பாக்ஸுக்கு அந்தச் சான்றிதழின் முதல் தேதியே இன்னும் வரவில்லை, அதனால் இணைப்பை மறுத்துவிடும். திரையில் வருவதோ 'லாகின் செய்ய முடியவில்லை, பிறகு முயலுங்கள்'. பாஸ்வேர்டுதான் தப்பு என்று நினைத்து வீட்டுக்காரர் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார். செட்டிங்ஸில் தேதி, நேரத்தைத் தானாக எடுக்கும்படி வைத்து, நேர மண்டலத்தில் கொல்கத்தாவைக் கொடுத்து, ரவுட்டர் முழுதாக வந்த பிறகு பாக்ஸை ஒருமுறை அணைத்துப் போட்டால் தீர்ந்தது. மழை, காற்றுக்கு அடிக்கடி கரண்ட் போய்வரும் வீடாக இருந்தால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போடச் சொல்லுங்கள். இந்தத் தொல்லை அதோடு நிற்கும்.

தேதி சரியாக இருந்தும் மிகப் பழைய பாக்ஸ் மறுக்கலாம். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் (சர்வர்கள் காட்டும் சான்றிதழ்களை நம்ப அடிப்படையாகக் கருவியில் இருப்பது) காலாவதியானது. அப்டேட் நின்றுபோன பழைய கருவிகள் பல அப்போது இப்படித்தான் திணறின. சாஃப்ட்வேர் அப்டேட் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் டிவியில் சொருகும் ஃபயர் டிவி போன்ற ஒரு ஸ்டிக் வாங்குவதே வழி என்று நேராகச் சொல்லிவிடுங்கள், இரண்டு மூன்று முறை அலைய வேண்டாம்.

அடுத்தது நெட். "போன்ல நல்லா ஓடுதே" என்பார்கள். போன் மொபைல் டேட்டாவில் ஓடிக்கொண்டிருக்கும். டேட்டாவை அணைத்து, அதே வைஃபையில் போட்டு பிரவுசரைத் திறக்கச் சொல்லுங்கள். பிராட்பேண்ட் பிளான் முடிந்திருந்தால் உங்கள் ரீசார்ஜ் பக்கம் போனில் வந்து நிற்கும். டிவி ஆப்பில் அந்தப் பக்கம் தெரியாது. வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும், லாகின் மட்டும் ஆகாது. இன்னொன்று அலைவரிசை. குறைந்த விலை டிவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து நீங்கள் ரவுட்டரைக் கொடுத்திருந்தால் சில டிவிகள் தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்த டிவியாக இருந்தாலும், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக் கனமான கருங்கல் சுவர் தாண்டி உள் அறைக்கு அது வந்து சேராது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து டிவியை 2.4-இல் போடுங்கள். முடிந்த இடத்தில் ஒரு லேன் கேபிளையே இழுத்துவிடுங்கள். நெட் இருந்தும் குறிப்பிட்ட ஆப் மட்டும் சர்வரைக் காணோம் என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து சர்வரின் முகவரியைத் தேடித் தருவது) இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

ஸ்டிக் வகைகளில் மின்சாரத்தையும் பாருங்கள். ஸ்டிக்கை டிவியின் யுஎஸ்பி துளையிலேயே சொருகி வைத்திருப்பார்கள். அந்தத் துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வேண்டும். முகப்புவரை நன்றாக ஓடி, ஆப் திறந்து லாகின் போகும் நேரத்தில் அணைந்து எழும். கூட வந்த அடாப்டரில் போட்டால் சரியாகிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் ஆப்பைத் தொடுங்கள். ரிமோட்டின் சிவப்புப் பட்டன் டிவியைத் தூங்கத்தான் வைக்கும், அணைக்காது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்த ஆப்புக்கு மட்டும் ஃபோர்ஸ் ஸ்டாப், பிறகு கிளியர் கேஷ். கேஷ் என்பது ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைத்தது, அதை அழித்தால் லாகின் போகாது. கிளியர் டேட்டா கொடுத்தால் போய்விடும். ஓடிபி வரும் போன் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அதைச் செய்யுங்கள். 8 ஜிபி நினைவகம் உள்ள டிவிகளில் சிஸ்டம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதுவும் நிறைந்துவிட்டால் லாகின் விவரத்தை எழுதி வைக்க ஆப்புக்கு இடம் இருக்காது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்கும். யாரும் தொடாத இரண்டு ஆப்பை எடுத்தாலே போதும்.

நெட்ஃபிளிக்ஸ் தன் பிழைக்கு எண் காட்டும். என்டபிள்யூ-2-5 என்று வந்தால் நெட்டைப் பாருங்கள். யூஐ-800-3 என்றால் டிவியில் சேமித்து வைத்த விவரம் பழையதாகிவிட்டது. சைன் அவுட் செய்ய மெனுவே வரவில்லை என்றால் ரிமோட்டில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, மேல், மேல், மேல், மேல் என்று அழுத்துங்கள். சைன் அவுட், டீஆக்டிவேட் எல்லாம் உள்ள ஒரு மெனு வரும். டிவியின் மற்ற ஆப்களை இது தொடாது.

திரும்ப லாகின் செய்யும்போது ரிமோட்டால் பாஸ்வேர்டு அடிக்க வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, பூஜ்யம், ஓ என்று தப்பு நேர்வது அங்கேதான். திரையில் வரும் குறியீட்டைப் போனில் கொடுப்பதே சுலபம்: யூடியூப் டாட் காம் ஸ்லாஷ் ஆக்டிவேட், நெட்ஃபிளிக்ஸ் டாட் காம் ஸ்லாஷ் டிவி8, பிரைம்வீடியோ டாட் காம் ஸ்லாஷ் மைடிவி. பிரவுசரின் முகவரிப் பட்டையில் எழுத்துக்கு எழுத்து அடிக்கச் சொல்லுங்கள். தேடலில் போட்டு வருவதைத் தொட வேண்டாம். 'ஆக்டிவேஷன்' என்று தேடினால் போலித் தளங்களும் போலி கஸ்டமர் கேர் நம்பர்களும் கலந்து வரும். பத்து ரூபாய் கட்டுங்கள், போனில் இந்த ஸ்கிரீன் ஷேர் ஆப்பை இறக்குங்கள் என்பார்கள். டிவியில் கணக்கை இணைக்க இந்தச் சேவைகள் எதுவும் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. பணம் போய்விட்டது என்று ஒரு வீட்டில் சொன்னால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்கச் சொல்லுங்கள். வங்கியிலிருந்து பணம் கைமாறுவதைத் தடுக்க முதல் சில மணி நேரம்தான் கணக்கு.

லாகின் கோளாறு போலவே தெரியும் பிளான் கோளாறுகளும் உண்டு. நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளான் போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், ஜியோஹாட்ஸ்டாரின் மொபைல் பிளானும் டிவிக்கு இல்லை. ரீசார்ஜோடு இலவசமாக வந்தது பெரும்பாலும் அந்த வகைதான். பாஸ்வேர்டு சரி, ஓடிபி சரி, ஆனாலும் டிவியில் வராது. ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரி 14 அன்று ஒன்றாகிவிட்டதால், பழைய ஜியோசினிமா ஆப் டிவியில் கிடந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் புதியதைப் போடுங்கள். பிரைமில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு கணக்குக்கு ஐந்து கருவி, அதில் டிவி இரண்டுதான். விற்றுவிட்ட பழைய டிவி கணக்கில் இன்னும் உட்கார்ந்திருக்கலாம்; கணக்கு செட்டிங்ஸின் கருவிப் பட்டியலில் போய் அதை நீக்கினால் புதியதற்கு வழி கிடைக்கும்.

நம் மாவட்டங்களில் அதிகம் தவிப்பது பெற்றோர்தான். மகனோ மகளோ ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்துகொண்டு தன் நெட்ஃபிளிக்ஸை அரூர் வீட்டு டிவியில் போட்டுக் கொடுத்திருப்பார். 2023 ஜூலை 20 முதல் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று நெட்ஃபிளிக்ஸ் ஆக்கிவிட்டது. 'இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்தது இல்லை' என்று வந்து, கணக்குக்காரரின் மெயிலுக்கோ போனுக்கோ சரிபார்ப்பு அனுப்பும். 15 நிமிடத்துக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். போனை உள்ளே அனுமதிக்காத கம்பெனியில் அவர் ஷிப்டில் இருந்தால் அதைப் பார்ப்பதற்குள் காலாவதி ஆகிவிடும். இங்கே டிவியைத் திருகிப் பயனில்லை. பெற்றோர் பெயரில் தனியாக டிவியில் ஓடும் பிளான் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுவதுதான் நேர்மை.

இனி, உங்களிடம் உரிமையோடு கேட்பது. அவசரத்தில் கனெக்‌ஷன் கொடுக்கும்போது உங்கள் நம்பரையே பதிவு மொபைல் எண்ணாகப் போட்டுவிடுகிறீர்கள். ஓடிடி சேர்ந்து வரும் செட்டாப் பாக்ஸ்களில் அந்த எண்தான் சாவி. அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியும், உண்மை. ஆறு மாதம் கழித்து பாக்ஸ் லாகின் கேட்கும்போது ஓடிபி உங்கள் போனுக்கு வரும். நீங்கள் லைன் வேலையில் கம்பத்தின் மேல் இருப்பீர்கள், அல்லது அந்த சிம்மையே விட்டிருப்பீர்கள். வெகுநாள் உபயோகிக்காத நம்பர் இன்னொருவர் கைக்குப் போய்விடும். அதோடு அந்த வீட்டின் கணக்கும் போகிறது. வீட்டுக்காரரின் நம்பரைப் போடுங்கள். அம்மா கையில் பட்டன் போன்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, எஸ்எம்எஸ் அதிலும் வரும். இதுவரை உங்கள் நம்பரில் இருப்பவற்றை, அது இன்னும் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக் கொடுங்கள். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் போதும்.

கடைக்காரர்களுக்கு ஒன்று. போனுக்கான ஆண்ட்ராய்டைப் போட்டு 'ஆண்ட்ராய்டு டிவி' என்று விற்கும் பாக்ஸ்களுக்கு நெட்ஃபிளிக்ஸின் அங்கீகாரம் இல்லை. எங்கிருந்தோ ஆப்பை இறக்கிப் போட்டாலும் லாகின் திரையிலேயே நிற்கும், அதைத் தாண்டி ஓடினாலும் படம் மங்கலாகத்தான் வரும். விற்பதற்கு முன்பே அதை வாயால் சொல்லிவிடுங்கள்.

பிராட்பேண்ட் நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று. நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் அடுக்கும்போது, ஒரே இடத்திலிருந்து இத்தனை லாகினா என்று ஆப்கள் சந்தேகப்படும். விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் வசதி) போட்டிருக்கிறீர்கள் என்றுகூடச் சொல்லும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் அதே டிவியில் லாகின் ஆகிறது, உங்கள் லைனில் ஆகவில்லை என்றால் கோளாறு வீட்டில் இல்லை. வீட்டுக்கு வீடு தனி முகவரி கொடுக்க இடமுள்ள புதிய முறையான ஐபிவி6-ஐத் திறந்து விடுங்கள், ஒரு முகவரிக்குப் பின்னால் இருக்கும் வீடுகளைக் குறையுங்கள், வாடிக்கையாளரை டிவி மெக்கானிக்கிடம் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, வேலை முடிந்து கிளம்பும்போது டிவியின் பின்பக்கம் ஒரு சின்னச் சீட்டு ஒட்டிவிட்டு வாருங்கள். எந்த ஆப் யாருடைய எண்ணில் இருக்கிறது (கடைசி நான்கு இலக்கம் போதும்), எந்த மெயில் (முதல் சில எழுத்து), எந்தப் பிளான், எந்தத் தேதிவரை. பாஸ்வேர்டு மட்டும் அதில் வேண்டாம். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போவது நீங்களோ நாங்களோ, அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ரிமோட்டைக் கையில் எடுப்போம்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் டிவி, செட்டாப் பாக்ஸ் சர்வீஸ் செய்பவர்கள்