ஆற்றோர ஊர்களுக்கும் எச்சரிக்கை வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதுமே, புயலாக மாறுமா, காற்று எவ்வளவு வேகத்தில் வீசும் என்ற பேச்சுதான் செய்திகளில் நிறைந்திருக்கிறது. தென்பெண்ணைக் கரையில் வசிப்பவர்களுக்கு அது மட்டும் போதாது என்பதை 2024 ஃபெஞ்சல் புயல் காட்டிவிட்டது.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 70 முதல் 80 கி.மீ.தான். 2011 தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு காற்றே இல்லை. ஆனால் கரையேறிய பிறகு பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அப்புறம் வலுவிழந்து மேற்கே போனது. 'வலுவிழந்தது' என்று கேட்டதும் நம்மைவிட்டுப் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். திருவண்ணாமலையில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தது அதற்குப் பிறகுதான். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்ததும் அதற்குப் பிறகுதான்.

அங்கே பெய்த மழை, தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை வழியாக எங்கள் பக்கம்தான் வந்தாக வேண்டும். டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது.

கன அடிக் கணக்கு பொறியாளர்களுக்குப் புரியும். ஆற்றோரத்தில் மாடு கட்டியிருப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு: தண்ணீர் எங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு வரும்? தெருவில் முழங்கால் அளவா, இடுப்பளவா? அதைச் சொன்னால் மாட்டை அவிழ்த்துவிடலாம், மோட்டாரைக் கழற்றி மேட்டில் வைக்கலாம், வயதானவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகலாம். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் கடமை முடிந்துவிடாது. மின்சாரம் போய் ஒரு நாள் ஆனால் கைப்பேசியில் சார்ஜ் எங்கே இருக்கும்? தண்டோராவும் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியும் இன்றும் தேவை. 2024 வெள்ளம் எட்டிய உயரத்தை ஒவ்வொரு ஊரிலும் பொதுக் கட்டடச் சுவரில் கோடு போட்டு வைத்தால், அதை வைத்தே அடுத்த எச்சரிக்கையை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல முடியும்.

நிவாரணமாகக் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் கொடுத்தார்கள், சரி. வயலில் மூடிய மணலை அள்ளக்கூட அது காணாது.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு கோரிக்கை. இனி புயல் செய்தி போடும்போது, காற்றின் வேகத்துக்குப் பக்கத்திலேயே கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் மழை அளவையும் சாத்தனூர் அணையின் நீர் வரத்து, வெளியேற்றத்தையும் தினமும் போடுங்கள்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரை வாசகர்,
விழுப்புரம் மாவட்டம்