வயிற்றில் விளக்கேந்தும் மீன்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் இனியும் தள்ளிப்போடாதே.

ஆழ்கடலில் கோடிக்கணக்கான டன் சிறு மீன்கள் வீணாகக் கிடப்பதாகவும், பண்ணை மீன்களுக்குத் தீவனமாக்கலாம் என்றும் எழுதியிருந்தாய். அவற்றில் பெரும்பங்கு லாந்தர் மீன்கள். கொஞ்ச நாளாக அவற்றைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரும்பாலானவை விரல் நீளம்தான். ஏறக்குறைய 250 இனங்கள். பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும். மேலிருந்து மங்கலான நீல வெளிச்சம் மட்டும் அங்கே கசிந்து வரும். கீழே திரியும் வேட்டை மீன் அண்ணாந்து பார்த்தால் லாந்தர் மீனின் உடல் கரிய நிழலாகத் தெரிந்துவிடும். அதற்குத்தான் வயிற்றிலும் விலாவிலும் வரிசையாக ஒளியுறுப்புகள். ஒவ்வொன்றும் சின்னக் கிண்ணம்போல் இருக்கிறது. பின்னால் ஒளியைத் திருப்பும் படலம், முன்னால் வில்லையாக மாறிய செதில். தூண்டில் மீன் ஒளிக்கு பாக்டீரியாவை நம்பியிருக்கிறது; இதுவோ தன் உயிரணுக்களிலேயே ஒளியை உண்டாக்குகிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்தின் அளவுக்கே கீழ்நோக்கி ஒளிர்ந்து, பகைவனின் கண்ணில் மண்ணைத் தூவிவிடுகிறது. கூடினாலும் காட்டிக்கொடுக்கும், குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும். இந்தக் கணக்குத்தான் என்னை விடமாட்டேன் என்கிறது!

ஒளிப்புள்ளிகளின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறு. பல இனங்களில் வால் தொடங்கும் இடத்தில் ஆணுக்கு மேற்புறமும் பெண்ணுக்குக் கீழ்ப்புறமும் தனி ஒளிச் சுரப்பி உண்டு.

அந்தி சாய்ந்ததும் பெரும்பாலானவை மிதவை உயிர்களைத் தின்ன மேலே ஏறி, விடியுமுன் இறங்கிவிடும். முழுநிலவில் அவ்வளவு உயரம் வருவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஒலியை அனுப்பி எதிரொலியால் ஆழம் அறியும் சோனார் கருவிகளில் கடலின் நடுவே ஒரு பொய்யான தரை தெரிந்ததே, அது இப்படிப்பட்ட உயிர்களின் கூட்டம்தான். மீனின் காற்றுப்பை ஒலியை எதிரொலிக்கிறது.

நீ சொன்ன கணக்குக்கு வருகிறேன். லாந்தர் மீன்கள் உட்பட கடலின் நடு ஆழத்தில் வாழும் மீன்களின் மொத்த எடை 100 கோடி டன் என்று முன்பு மதிப்பிட்டிருந்தார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, குறைந்தது பத்து மடங்கு இருக்கலாம் என்றது. மதிப்பீடே இவ்வளவு புரளும்போது, எவ்வளவு பிடித்தால் தாங்கும் என்று எப்படிச் சொல்வது? அவை வீணாகவும் கிடக்கவில்லை. ராஜ பென்குயினுக்கு முக்கிய உணவே இவைதான். மேலே தின்ற உணவிலுள்ள கரிமத்தை இரவுதோறும் ஆழத்துக்குக் கொண்டுபோவதும் இவையே. அதனால் இப்போது வலை வீசக் கூடாது என்பதே என் கட்சி.

உன் மறுப்பை விரிவாக எழுது. வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்