வேகாத சோறு யார் வைத்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பன்னாட்டு அறிவியல் திட்டங்களைப் பற்றிய கட்டுரையில், "சரிபார்க்காத தரவை ஊருக்குத் திறந்துவிடுவது வேகாத சோற்றைப் பந்தியில் வைப்பதற்குச் சமம்" என்று ஒரு வரி. பக்கத்திலேயே, கடலுக்குள் இறங்கி ஏறி வெப்பத்தையும் உப்பையும் தானே அளந்து அனுப்பும் ஆர்கோ மிதவையின் படம். வேறு எந்தப் படத்தைப் போட்டிருந்தாலும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். எது வெந்தது, எது வேகவில்லை என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதியே கொடுக்கிற திட்டத்தின் தலையிலா கொண்டுபோய் இந்தப் பழியைக் கட்டுவது?

காசிமேட்டு ஏலத்துக்கு மீன் பச்சையாகத்தான் வருகிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்தவர் எடுப்பார். தெரியாதவர் தெரிந்தவரைக் கூட்டிவருவார். வேகவைத்துத்தான் ஏலம் விட வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல, கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். மிதவை 1,000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் போல நகர்ந்துவிட்டு, 2,000 மீட்டருக்கு இறங்கி, உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளி மேலே ஏறுகிறது. ஏறும்போதே வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றையும் அளந்து, செயற்கைக்கோள் வழியாக அனுப்பிவிட்டு மறுபடி முங்குகிறது. பத்து நாளைக்கு ஒரு சுற்று. வந்த எண்களைக் கணினி சோதிக்கும்: தேதி நடக்கக்கூடியதா, இடம் கடலா நிலமா, ஒரு எண் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா, ஆழம் கூடும்போது அடர்த்தி குறைகிறதா. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு குறி விழும். 1 நல்லது, 2 அநேகமாக நல்லது, 3 இப்போதைக்குக் கெட்டது ஆனால் திருத்த முடியலாம், 4 கெட்டது, 9 அளவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் வானிலை மையங்களுக்கும், பிரான்சின் பிரெஸ்ட், அமெரிக்காவின் மான்டரே ஆகிய இரண்டு களஞ்சியங்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. கோப்பின் பெயர் 'ஆர்' என்று தொடங்கினால் உடனடித் தரவு. ஆள் உட்கார்ந்து பார்த்து முடித்ததும் அதே கோப்பு 'டி' என்று மாறும். அதற்குச் சுமார் ஓராண்டு.

ஏன் ஓராண்டு? உப்பளக்கும் கருவி மெல்ல மெல்லப் பிசகும். கணினிச் சோதனை துருத்தலைப் பிடிக்கும். மாதக்கணக்கில் ஊர்ந்து ஏறும் பிசகைப் பிடிக்காது. அது 1 என்ற நல்ல பெயரோடேயே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆழத்தில், 1,500 மீட்டருக்குக் கீழே, ஒரே வெப்பநிலையில் இருக்கும் நீரின் உப்பு லேசில் அசையாது. அங்கே இந்த மிதவை சொல்வதை அக்கம்பக்கத்து மிதவைகளோடும் கப்பலில் அளந்ததோடும் வைத்துப் பார்க்க வேண்டும். கருவி பிசகியதா, மிதவை வேறொரு நீருக்குள் நகர்ந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல நாலைந்து சுற்று போதாது. சந்தேகத்துக்குரிய கருவிகளுக்கு 'சாம்பல் பட்டியல்' ஒன்றும் உண்டு; அதையும் பொதுவிலேயே வைத்திருக்கிறார்கள்.

அதுவரை பூட்டி வைக்கலாமே என்கிறாரா? புயல் கணிப்புக்குக் கடலிலிருந்து முதலில் வேண்டியது அதன் மேல்பகுதி நூறு மீட்டரின் வெப்பம். வெப்பமளக்கும் கருவி உப்பளப்பதைப் போல எளிதில் பிசகாது. ஓராண்டு காத்திருக்கும் கொள்கையைக் கடைப்பிடித்திருந்தால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இருந்த கடல் நிலவரம் 2024 டிசம்பரில் கைக்குக் கிடைத்திருக்கும். கொருக்குப்பேட்டையில் தண்ணீர் வடிந்து, சுவரில் கறையும் காய்ந்த பிறகு.

ஆர்கோவைக் குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் நல்ல குறையாகவே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். 2003 முதல் 2005 வரை கடலின் மேல்பகுதி குளிர்ந்துவிட்டது என்று 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வகை மிதவைகளில் வெப்பம் தவறான ஆழத்தோடு ஜோடி சேர்ந்து, கடலை உள்ளதைவிடக் குளிராகக் காட்டியது. கப்பலிலிருந்து வீசும் பழைய வெப்பமானிகளோ உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தன. அவை குறைந்து மிதவைகள் பெருகியபோது, இரண்டும் சேர்ந்து கடலையே குளிரவைத்துவிட்டன. 2007-இல் அந்த ஆய்வாளர்களே திருத்தினார்கள். பெட்டிக்குள் பூட்டியிருந்தால் அந்தப் பிசகு இன்னும் எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்குமோ.

எழுதத் தொடங்கியாயிற்று, பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். எங்கே மீன் கிடைக்கும் என்று மீனவர்களுக்கு ஆர்கோ மிதவை சொல்கிறது என முன்பு ஒருமுறை எழுதினீர்கள். அந்த அறிவிப்பு செயற்கைக்கோள் காணும் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துத் தருவது. திருத்தம் அனுப்பினேன், வரவில்லை. பிறகொரு இதழில், குளிர்காலத்தில் வட வங்கக் கடலில் மேல்நீரைவிட அடிநீர் சூடாகக் காட்டியதைக் 'கருவிக் கோளாறு' என்றீர்கள். ஆற்றுநீர் கலந்து லேசான மேல்நீர் குளிர்ந்தாலும் கீழே இறங்காது. அடியில் சூடு தங்கிவிடும். வங்கக் கடலுக்கு அது சுபாவம். அதற்கும் எழுதினேன். தபால் தொலைந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

முன்கூட்டியே வெளியிட்டால் உழைத்தவர் பெயர் போய்விடும் என்ற கட்டுரையாளரின் கவலை மட்டும் நியாயமானது. ஆனால் புதிதல்ல. மனித மரபணுத் திட்டத்தார் 1996-இல் பெர்முடாவில் கூடி, டி.என்.ஏ. வரிசையில் ஆயிரம் எழுத்துக்கு மேல் கோத்த எதையும் 24 மணி நேரத்துக்குள் வெளியிடுவது என்று முடிவெடுத்தார்கள். 2003-இல் ஃபோர்ட் லாடர்டேலில், பணம் தருபவர், தரவு தருபவர், எடுத்துப் பயன்படுத்துபவர் என மூவருக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதிவைத்தார்கள். இந்த மூன்றாமவரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் கிடையாது. குறியைப் பார்க்காமல் எண்ணை அள்ளிக்கொண்டு போய்ப் படம் வரைவது அவர்தான். 'டி' கோப்புக்காக மாதக்கணக்கில் கண் பூத்துப்போகிறவரின் பெயரை எங்கேயும் போடாமல் விடுவதும் அவர்தான். அதை எழுதியிருந்தால் நானே பத்துப் பிரதி வாங்கியிருப்பேன்.

இன்னொன்று. ஓர் அலுவலகத்தில் அலைமானி எண்களைக் கேட்டால், கோணலாக ஸ்கேன் செய்த தாளைத்தான் தருகிறார்கள். குறி இல்லை, நேரம் இந்திய நேரமா கிரீன்விச் நேரமா என்றும் இல்லை. இந்தப் பந்தியைப் பற்றி யாரும் கட்டுரை எழுதக் காணோம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சென்ற இதழின் 14-ஆம் பக்க உப்பு வரைபடத்துக்குக் கீழே, இணையப் பதிப்பிலாவது ஒரு வரி சேர்க்கவும்: எந்தத் தேதியில் இறக்கிய கோப்பு, 'ஆர்' வகையா 'டி' வகையா, எந்தக் குறி வரை எடுத்தது, திருத்திய எண்களா திருத்தாதவையா. இடம் போதவில்லையென்றால் அந்தச் சோற்று வரியை எடுத்துவிடுங்கள், சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.