கரையை ஆக்கும் கைகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். கடற்கரையை வடிவமைப்பவை அலையும் காற்றும்தானே, அங்கு முளைக்கும் புல்லுக்கு அதில் என்ன பெரிய பங்கு என்று கேட்டிருந்தீர்கள். பெரிய பங்கு உண்டு என்பதே என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவின் பசிபிக் கரையில், பறக்கும் மணலைக் கட்டுப்படுத்துவதற்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மணற்புல் ஒன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். நெருக்கமாகத் தூர்கட்டி, மணல் மூட மூட மேலெழும்பும் அந்தப் புல், முன்பு தாழ்ந்து கிடந்த இடங்களில் உயரமான மணல்மேடுகளை எழுப்பிவிட்டது. பின்னர் அதே கரையில் வேரூன்றிய அமெரிக்க மணற்புல் இனமோ பக்கவாட்டில் பரவும் இயல்புடையது. அது தாழ்ந்து அகன்ற மேடுகளையே உண்டாக்குகிறது. மணல் வரத்தும் இதில் ஒரு காரணம்தான். ஆனாலும் புல்லின் வளரும் முறையே மேட்டின் உயரத்தையும், அதனால் புயல் அலை எவ்வளவு தூரம் உள்ளே புகும் என்பதையும் மாற்றுகிறது என்பது என்னை மலைக்க வைக்கிறது.

நீர் வற்றிய சேற்றுப்பரப்பைக் குனிந்து பாருங்கள். மேலே பொன்பழுப்பாக ஒரு மினுக்கம் தெரியும். அது கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத டயாட்டம் பாசிகளின் படலம். அவை சுரக்கும் பசை சேற்றுத் துகள்களைப் பிணைத்து, நீரோட்டம் எளிதில் அரிக்காதபடி காக்கிறது. பக்கத்திலேயே வளை தோண்டும் நண்டு அதே சேற்றைக் கிளறித் தளர்த்துகிறது. உயிர்கள் எல்லாமே கரையைக் காப்பவை என்று சொல்வதற்கில்லை.

பவளத்தீவுகளில் மணலே உயிரிகளின் ஆக்கம்தான். மாலத்தீவின் வக்காரு தீவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, அங்குள்ள பவளத்திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது, பவளப்பாறையைக் கொறித்து அரைக்கும் கிளிமீன்களிடமிருந்து வருவதாகக் கண்டது. அந்த மணலைச் சுமந்துபோய்த் தீவாகக் குவிப்பது அலையின் வேலை.

அலையாத்திக் காடுகளும் உவர்ச்சதுப்புப் புல்வெளிகளும் ஓதநீரின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியவைப்பதால், கடல்மட்டம் மெல்ல உயரும்போது தாமும் உயர வல்லவை. ஆனால் ஆற்று வண்டலை அணைகள் மறித்தாலோ, அந்தக் காடுகளும் புல்வெளிகளும் நிலப்பக்கம் நகர முடியாதபடி சுவர் குறுக்கிட்டாலோ, அந்த ஆற்றல் குன்றிவிடுகிறது. ஆகவே, தாங்கள் எழுதியிருந்த கரையோரக் கற்சுவர்த் திட்டத்தில், வண்டல் எங்கிருந்து வருகிறது, சுவருக்கு முன்னால் செடிகளுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பவற்றை யாரேனும் கணக்கிட்டிருக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்